எல்லைக்கோட்டின் அருகே



ரக்பி என்னும் ஆட்டத்தை உங்களுள் பெரும்பாலோர் கண்டிருக்கமாட்டீர்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரை எதிரணியினர் மேலே பாய்ந்து வீழ்த்துவதுமே அவ்வாட்டம். அதில் இரு வகை உண்டு. 1895-இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்டு நகரில் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த ஆட்டக்காரர்கள், ஆட்டத்திற்காக இழந்த கூலியை ஈடுசெய்யக் கேட்டதும், அது மறுக்கப்பட்டதுமே பிரிவுக்குக் காரணம். அணிக்கு 13 பேர் ஆடும் அந்தத் தொழிலாளர் ஆட்டமே ரக்பி லீக். நாம் இன்று கூறவிருக்கும் ராப் பரோ அதில் புகழ்பெற்றவர்.

1982-இல் யார்க்‌ஷயரில் பிறந்த இவரது உயரம் ஏறத்தாழ 165 சென்டிமீட்டர்தான். நூறு கிலோ எடையுள்ள ஆடவர் மோதிக்கொள்ளும் களத்தில் இச்சிறிய உருவம் எப்படி நிற்கும் என்று பலரும் ஐயுற்றனர். ஆயினும் 2001 முதல் 2017 வரை லீட்ஸ் ரைனோஸ் என்னும் ஒரே கழகத்திற்காக 492 ஆட்டங்கள் ஆடினார். எட்டு முறை வாகைப் பட்டம் வென்ற அணியில் இருந்தார். 2007-இல் பிரிட்டன் நியூசிலாந்தை மூன்று ஆட்டங்களிலும் வென்றபோது, தொடரின் சிறந்த வீரர் இவரே. 2011 இறுதிப்போட்டியில், தம்மைப் பிடிக்க நீண்ட கரத்தின் கீழ் குனிந்து நழுவி, நெடுந்தூரம் தனியே ஓடி எல்லைக்கோட்டைக் கடந்த காட்சியை லீட்ஸ் மக்கள் இன்றும் பேசுகின்றனர். பிறர் குறையென்று கண்ட குள்ள உருவமே அன்று அவருக்குக் கைகொடுத்தது.

ஓய்வுபெற்று இரண்டே ஆண்டுகள். 2019 டிசம்பரில், 37ஆம் வயதில், மோட்டார் நியூரான் நோய் தாக்கியிருப்பதாக மருத்துவர் கூறினர். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாய் அழியும். நடையும் பேச்சும் விழுங்கும் ஆற்றலும் போகும். அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இக்கொடுமைக்கு முழுக் குணம் தரும் மருந்து இதுவரை இல்லை. வீட்டிலோ மனைவியும் மூன்று சிறு பிள்ளைகளும்.

மறுமாதமே ஹெடிங்லி மைதானத்தில் பழைய தோழர்கள் ஓர் ஆட்டம் நடத்தினர். கடைசிச் சில நிமிடங்கள் பரோவும் களமிறங்கினார். கூடியிருந்தோர் கண்ணீருடன் கைதட்டினர். இத்தகைய உணர்ச்சிப் பெருக்கு எளிது. நாள்பட நாள்பட அது வற்றிவிடுவதையே நாம் கண்டிருக்கிறோம். இங்கு அது வற்றவில்லை.

அணித்தலைவராக இருந்த கெவின் சின்ஃபீல்டு, நண்பர் அணிந்த சட்டையின் 7ஆம் எண்ணை மனத்திற்கொண்டு, 2020 டிசம்பரில் ஏழு நாட்களில் ஏழு மாரத்தான் ஓடினார். எதிர்பார்த்த நிதி 77,777 பவுண்டு. சேர்ந்ததோ 20 இலட்சத்திற்கும் மேல். அடுத்த ஆண்டு லெஸ்டரிலிருந்து லீட்ஸ் வரை 101 மைலை ஏறத்தாழ ஒரே நாளில் ஓடிக் கடந்தார்.

இதற்கிடையே பரோவின் குரல் மறைந்தது. முன்னரே பதிவுசெய்து வைத்த தம் குரலைக் கண்ணசைவால் இயங்கும் கணினி வழியே ஒலிக்கச்செய்தார். 2022 டிசம்பரில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில், உறங்கப்போகும் குழந்தைகளுக்கு அவ்வாறே ஒரு கதை வாசித்தார். மனைவி இயன்முறை மருத்துவப் பணியையும் விடாமல், கணவரை ஊட்டி, உடுத்தி, தூக்கிப் பேணினார். ஓட்டங்களை உலகம் கண்டது. இந்த அன்றாட உழைப்பை அவ்வளவாய்க் காணவில்லை. நம் மதிப்பில் இதுவே பெரிது.

நோயுற்றோரைக் காணச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் சொல், “பிறருக்குப் பாரமாகிவிட்டேனே” என்பது. உதவி செய்வதினும் அதை ஏற்பதுதான் அவர்களுக்குக் கடினமாயிருக்கிறது. தம் வேகத்தாலேயே வாழ்ந்த ஒருவருக்கு அது எவ்வளவு கடினமாயிருந்திருக்கும்! பரோவோ தம் மெலிந்த உடலை மறைக்கவில்லை. படம்பிடிப்போரைத் தம் வீட்டிற்குள் அனுமதித்தார், இந்நோயை மக்கள் அறியவேண்டும் என்பதற்காக.

2023 மே 14 அன்று, பரோவின் பெயராலேயே லீட்ஸில் மாரத்தான் நடந்தது. 42 கிலோமீட்டரும் சின்ஃபீல்டு நண்பரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிவந்தார். முடிவுக்கோட்டிற்குச் சற்று முன் நின்றார். குனிந்து, நண்பரை இரு கைகளிலும் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, அப்படியே கோட்டைக் கடந்து, கன்னத்தில் முத்தமிட்டார். ஓட்டத்தின் நேரத்தைப் பற்றி எவருக்கும் கவலையிருக்கவில்லை.

2024 ஜூன் 2 அன்று, 41ஆம் வயதில், பரோ மறைந்தார். இந்நோயாளிகளுக்கென அவர் பெயரால் லீட்ஸில் எழவிருந்த மருத்துவ மையத்திற்கு மறுநாளே முதல் மண் வெட்டுவதாக ஏற்பாடு. தள்ளிவைக்கலாமா என்ற பேச்சு எழுந்திருக்கக்கூடும். குடும்பத்தார் விருப்பப்படி, குறித்த நாளிலேயே மண் வெட்டப்பட்டது.