விபத்தே நடக்கல, ஆனா கை போச்சு: மணிக்கட்டு வலியைச் சட்டம் ஏன் தொழில்நோயாகப் பார்ப்பதில்லை?

திருவனந்தபுரம் கரமனையில் பஸ் ஏறி களியக்காவிளைப் பக்கம் போனால், நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணியில் பாலராமபுரம் வந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில், தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் நெசவாளர்கள் குடியேறிய ஊர் அது. எதிர்த்திசையில் நகரத்தைத் தாண்டினால் கழக்கூட்டம், 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்.

ஒரு பக்கம் குழித்தறி, இன்னொரு பக்கம் கீபோர்டு. கைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே அசைவு, நாள் முழுக்க.

எத்தனை முறை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். துணியில் அங்குலத்துக்கு 60 ஊடை இழை என்று வைத்துக்கொள்வோம். நான்கு மீட்டர் வேட்டிக்கு நாடாவைச் சுமார் 9,400 முறை வீச வேண்டும். பாலராமபுரத்தின் பழைய முறைத் தறிகளில் நாடாவைக் கையாலேயேதான் தள்ளுவார்கள், கயிறு இழுத்தால் ஓடும் வசதி கிடையாது. கூடவே கால் மிதிப்பலகையை மிதித்துக்கொண்டே இருக்கும். டைப் செய்பவர் கதை இன்னும் அதிகம். நிமிடத்துக்கு 40 சொல், சொல்லுக்கு 5 எழுத்து என்றால் மணிக்கு 12,000 தட்டல். வேட்டி நெய்பவரின் கைக்கு வீச்சில் வேகமும் விசையும் வேண்டும், டைப் அடிப்பவருக்கு அது வேண்டாம் என்பது வேறு விஷயம்.

தசைநாண்கள் உறைக்குள் ஓயாமல் உரசினால் வீங்கும். மணிக்கட்டில் எலும்பும் பட்டையும் சேர்ந்த குறுகிய வழியில் நரம்பு நசுங்கினால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மரத்துப்போகும், குறிப்பாக ராத்திரியில். கையை உதறினால் கொஞ்சம் சரியாகும். இதைத்தான் கார்பல் டனல் என்கிறார்கள். தையல்காரர், பீடி சுற்றுபவர், முந்திரி உடைப்பவர், பரோட்டா மாஸ்டர் என்று பட்டியல் நீளும். எழுத்தர்களின் கை சோர்ந்துபோவதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். புது நோய் இல்லை.

சரி, இழப்பீடு கேட்க முடியுமா?

இங்கேதான் சிக்கல். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இரண்டு வழிகள் வைத்தது. ஒன்று, வேலையில் விபத்து. இன்னொன்று, மூன்றாவது அட்டவணையில் உள்ள தொழில்நோய். ஈயம், பாதரசம், கல்நார், பஞ்சுத் தூசி, இரைச்சலால் கேட்கும் திறன் போவது எல்லாம் அதில் உண்டு. கார்பல் டனலோ தசைநாண் வீக்கமோ இல்லை.

பட்டியலில் இல்லாத நோய் என்றால், பிரிவு 3(4)-இன்படி அது 'குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயத்தால்' நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும். ஒரு நாளில் ஒரு நொடியில் நடந்தால்தானே விபத்து? பத்து வருஷம் நாடா வீசிய கைக்கு எந்தத் தேதியைக் காட்டுவது? இஎஸ்ஐ சட்டத்திலும் இதே நிபந்தனைதான். இரண்டையும் உள்வாங்கிய 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த முறையையே தொடர்கிறது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை, தைராய்டு, கர்ப்பகாலம், வயது எல்லாமே கார்பல் டனலைக் கொண்டுவரலாம். வேலைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்விதான். அட்டவணை இருப்பதே இந்தக் கேள்விக்காகத்தான் என்பது என் கருத்து. அதன் 'பி' பகுதியில் உள்ள நோய் என்றால், அந்த வேலையில் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் போதும், வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளி பாடு.

சேர்க்க முடியாதா என்றால், முடியும். மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து, வேலைகளையும் அவற்றுக்கான நோய்களையும் அரசிதழில் அறிவித்துச் சேர்க்க 1923 சட்டமே வழி வைத்தது. பிரிட்டன் தந்தி அடிப்பவர்களின் கைப்பிடிப்பை 1908-லேயே தன் பட்டியலில் சேர்த்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய பட்டியலில் தசை, எலும்பு சார்ந்த நோய்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது, கார்பல் டனல் உட்பட.

கேரளாவுக்கு இந்த மாதிரி விஷயத்தில் முன்னனுபவமும் உண்டு. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் போராடிய பிறகு, கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை 2018-இல் சட்டமானது. தமிழ்நாடு 2021-இல் பின்தொடர்ந்தது. கால் வலி சட்டசபை வரை போயிருக்கிறது, கை வலி இன்னும் போகவில்லை.

ஒரு காரணம் கூலி முறை. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு, துணிக்குத் துண்டுக்கு இவ்வளவு. கை வலிக்கிறது என்று நிறுத்தினால் அன்றைய காசு போச்சு. வீட்டிலிருந்து நெய்பவருக்கு முதலாளி யார் என்பதே தெளிவில்லாதபோது, அட்டவணையில் நோய் சேர்ந்தாலும் யாரிடம் கேட்பது என்பது தனிப் பிரச்சனை. டெக்னோபார்க்கில் சம்பளம் மாதம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்கள் இஎஸ்ஐ வரம்புக்கு வெளியே. அவர்களுக்கு லீவாவது உண்டு.

உங்களுக்கு விரல் மரத்துப்போகிறது என்றால், டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம் என்பதை ஓபி சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் 'கை வலி' என்று மட்டும்தான் எழுதுவார்கள். பின்னாளில் எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும், முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.