தூங்கும்போதும் பணம் வருமாம்!

என் தங்கையின் பேரன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். கையில் மடிக்கணினி, வாய் நிறைய திட்டம். "தாத்தா, வெப் ஹோஸ்டிங் பிசினஸ் ஆரம்பிக்கப் போறேன். ஒரு லட்சம் இருந்தா போதும். ஒரு தடவை செட் பண்ணிட்டா, நாம தூங்கும்போதும் பணம் வந்துக்கிட்டே இருக்கும்" என்றான்.

கருவூலக் கணக்கிலும் ஆவண அறையிலும் முப்பத்து நான்கு வருடம் எழுத்தராகக் குப்பை கொட்டியவன் நான். தூங்கும்போது பணம் வரும் என்று யாராவது சொன்னால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு கடைக்கோ பள்ளிக்கோ இணையதளம் இருக்கிறது என்றால், அதன் எழுத்தும் படமும் இரவு பகல் ஓயாமல் ஓடும் ஏதோ ஒரு கணினியில் இருந்தாக வேண்டும். அந்தக் கணினிக்கு சர்வர் என்று பெயர். அதில் இடம் கொடுத்து வருடச் சந்தா வாங்குவதுதான் ஹோஸ்டிங். பையன் சொந்தமாக சர்வர் வாங்கப் போவதில்லை. பெரிய கம்பெனியிடம் மொத்தமாக இடம் எடுத்துத் தடுப்பு வைத்துச் சில்லறையாக விடுவான். இதற்கு ரீசெல்லர் என்று பெயராம். நம் ஊர் வழக்கில் சொன்னால் உள்வாடகை.

அவன் கொண்டுவந்த கணக்கையே எழுதுகிறேன். மொத்த இடத்துக்கு மாதம் 1,500 ரூபாய், வருடத்துக்கு 18,000. நாற்பது வாடிக்கையாளர், தலைக்கு வருடம் 1,200. வரவு 48,000. "முப்பதாயிரம் லாபம் தாத்தா, இது ஆரம்பம்தான்" என்றான்.

"பேக்கப் எங்கே?" என்று கேட்டேன். கம்பெனியே எடுக்கும் என்றான். அது போதாது, வேறு இடத்தில் ஒரு நகல் வேண்டும் என்றேன். அதற்கு மாதம் 500, ஆக 6,000. பணம் வசூலிக்கும் கமிஷன், ரசீது போடும் மென்பொருள், இதர செலவு இன்னொரு 6,000. மிச்சம் 18,000. மாதத்துக்கு 1,500 ரூபாய். நாற்பது பேரும் மாதம் இரண்டு தடவை "மெயில் வரல, சைட் திறக்கல" என்று கூப்பிட்டால் எண்பது அழைப்பு. ஓர் அழைப்புக்குப் பத்தொன்பது ரூபாய்கூடத் தேறவில்லை. இதில் விளம்பரச் செலவு சேரவில்லை. சந்தாவுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி இருப்பதும் அவன் தாளில் இல்லை.

உள்வாடகைக்காரனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தத் தொழிலில் பலரும் பயன்படுத்தும் நிர்வாக மென்பொருள் சிபேனல். ஒரு சர்வருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், 2019-ல் எத்தனை கணக்கு இருக்கிறதோ அத்தனைக்குத் தகுந்தபடி என்று மாற்றினார்கள். மலிவு விலைக்கு ஆட்களை அடைத்து வைத்திருந்தவர்களுக்குச் செலவு ஒரே நாளில் ஏறியது. வீட்டுக்காரன் வாடகையை ஏற்றினால் உள்வாடகைக்காரன் யாரிடம் போய் அழுவான்?

சரி, கணக்கை விடுங்கள். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எதற்கும் முதலில் அந்தச் சொல்லைத்தான் தேடிப் பார்ப்பேன், பழைய பழக்கம். ஹோஸ்டிங்குக்குப் பிரெஞ்சில் எபெர்ழெமான் என்கிறார்கள். எபெர்ழே என்றால் வந்தவனைத் தங்கவைப்பது, அடைக்கலம் கொடுப்பது. இடம் விற்பது என்ற பொருளே அதில் இல்லை. அடைக்கலம் கொடுத்தவன் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் போக முடியுமா?

போனான் ஒருவன். எங்கள் பள்ளிப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து 2009-ல் ஓர் இணையதளம் தொடங்கினோம். வகுப்புப் புகைப்படங்கள், எங்கள் ஆசிரியர்களைப் பற்றிய குறிப்புகள், பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன அண்ணன்மார்களின் படங்கள் என்று அறுநூறுக்கு மேல் சேர்ந்தது. நமக்குத் தெரிந்த ஓர் இளைஞரிடம்தான் ஹோஸ்டிங். எட்டு வருடம் ஓடியது. ஒரு நாள் தளம் திறக்கவில்லை. அவர் கைபேசி அணைந்திருந்தது. தேடிப் பிடித்தபோது, தொழில் நொடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டிருந்தார். மேல் கம்பெனிக்கு அவர் பணம் கட்டவில்லை. அவர்கள் கெடு முடிந்ததும் அழித்துவிட்டார்கள். பேக்கப்பும் அதே கணக்கில் இருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று.

பல படங்களை வீடுவீடாகப் போய்த் திரும்ப வாங்கினோம். ஆனால் நாற்பது படங்களுக்கு வழியே இல்லை. கொடுத்தவர்கள் காலமாகிவிட்டார்கள், ஆல்பங்கள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

இதில் எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞர் முதலில் வருடத்துக்கு 1,500 ரூபாய்தான் கேட்டார். பேரம் பேசி 900-க்கு இறக்கியது நாங்கள். பேசியதில் முன்னால் நின்றவன் நான். காவலுக்குக் கூலி குறைத்துவிட்டு, காவல் இல்லை என்று அழுதோம்.

"அதனால்தான் பெரிய கம்பெனியிடம் போகவேண்டும்" என்று சிலர் சொல்வீர்கள். பிரான்சில் ஓவிஎச் என்று ஒரு நிறுவனம். போலந்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒக்தாவ் கிளாபா என்ற இளைஞர் 1999-ல் ரூபே நகரில் தொடங்கியது. ரூபே நம் ஊரைப் போலவே மில் ஊர், நம் ஊரைப் போலவே மில்கள் ஓய்ந்துபோன ஊர். கிளாபா உள்வாடகையோடு நிற்கவில்லை. தன் சர்வர்களைத் தானே தயாரித்து ஐரோப்பாவின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக வளர்த்தார். அப்பேர்ப்பட்ட நிறுவனத்தின் ஸ்திராஸ்பூர் மையத்தில் 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவுக்கு மேல் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுதும் எரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. சுமார் 36 லட்சம் இணையதளங்கள் நின்றுபோயின. பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்த சிலருக்கு அந்த நகலும் அதே வளாகத்தில் இருந்ததால் எல்லாம் சாம்பலாகி, வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று.

ஆக, பெரியவனா சின்னவனா என்பது கேள்வியே இல்லை. மூலம் ஓர் அறையிலும் நகல் இன்னோர் அறையிலும் இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆவண அறைப் பியூனுக்கே தெரிந்த பாடம். இதை வீடியோவில் பேசும் எந்தப் புண்ணியவானும் பையனுக்குச் சொல்லவில்லை. லோகோ எப்படிப் போடுவது, "அன்லிமிடெட்" என்று எப்படி விளம்பரம் செய்வது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எல்லையில்லாத இடம் என்று எந்த வன்தட்டும் இல்லை. பொடி எழுத்தில் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துவிட்டு, பெரிய எழுத்தில் எல்லையில்லை என்பது வியாபாரமல்ல, புளுகு.

சட்டமும் சும்மா இல்லை. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட சிஇஆர்டி-இன் உத்தரவின்படி, சர்வரில் யாராவது புகுந்துவிட்டால் அதை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், 180 நாள் பதிவேடு வைத்திருக்கவேண்டும். தூங்கும்போது பணம் பார்க்கிறவன் இதை எப்போது செய்வான்?

அப்படியானால் இந்தத் தொழிலில் லாபமே இல்லையா? இருக்கிறது. இருபத்தைந்து பேர் போதும். எல்லாரும் நேரில் தெரிந்தவர்களாக, நம் ஊர் கடைக்காரர், டாக்டர், பள்ளி என்று இருக்கட்டும். மாதம் 300, வருடம் 3,600 கேள். வரவு 90,000, அதே 30,000 செலவு போக மாதம் ஐயாயிரம் நிற்கும். இதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. தளம் அமைத்துக் கொடுப்பது, மாதாமாதம் பராமரிப்பது என்று உழைப்பையும் சேர்த்தால் பிழைப்பாகும். வாடிக்கையாளர் ஏன் மூன்று மடங்கு கொடுப்பார்? கூப்பிட்டால் எடுக்கிறான், தொலைந்தால் மீட்டுக் கொடுக்கிறான் என்பதற்காகக் கொடுப்பார்.

பையனிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். "என் கண் முன்னால் ஒரு தளத்தை அழி. பிறகு நகலிலிருந்து திரும்ப எழுப்பிக் காட்டு. பணத்தை அப்புறம் பேசலாம்." ஒரு மணி நேர வேலை என்று உட்கார்ந்தான். படங்கள் வந்தன, எழுத்து வரவில்லை. தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக நின்றது. சரிசெய்ய மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு, "வந்துடுச்சு தாத்தா" என்று போன் செய்தான்.

"இந்த மூணு நாளுக்கு உன் 1,200-ல எவ்வளவு போட்டிருக்கே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. புதுக் கணக்குப் போட்டுக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் செக்கில் கையெழுத்து.

உங்களில் பலர் என்னைப் போல ஓய்வூதியக்காரர்கள். பேரப்பிள்ளைகள் இப்படி வந்து நின்றால் உடனே விரட்டவும் வேண்டாம், பாசத்தில் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கவும் வேண்டாம். நகல் எங்கே இருக்கிறது, மீட்டுப் பார்த்தாயா, நீ ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார்கள் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். அதே மூன்று கேள்வியை உங்கள் படங்களை வைத்திருப்பவனிடமும் கேளுங்கள். சரியாகப் பதில் சொன்னால், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.