ஒன்பதில் ஐந்துதான் கிரகம்!

"உனக்கு நேரம் சரியில்லை, அப்பா!" இந்த வார்த்தையைக் கேட்காத உழைப்பாளி நம் நாட்டில் உண்டா? ஆலையில் ஆட்குறைப்பு வந்தால் ஏழரைச் சனி. அறுவடை முடிந்தும் கூலி பாக்கி நின்றால் ராகு தசை. பெண்ணுக்கு வரன் தட்டிப் போனால் செவ்வாய் தோஷம். நமது கஷ்டத்துக்கெல்லாம் காரணம் ஆகாயத்தில் இருக்கிறதாம். பூமியில் எவரும் பொறுப்பில்லையாம்! இதைச் சொல்லுகிற ஜோதிடருக்குத் தட்சிணை வேறு. பரிகாரத்துக்கு வட்டிக்கு வாங்கிய கடன் வேறு.

ஆகாயத்தின் மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. சரி, விசாரிப்போம். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் கிரகங்கள் யார், எங்கே இருக்கின்றன, என்ன செய்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கண்ணும், கொஞ்சம் கணக்கும் போதும்.

நவக்கிரகப் பட்டியல்

ஜோதிடர் தரும் பட்டியலில் ஒன்பது பேர்: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ராகு, கேது.

சூரியனைச் சுற்றி வருவதற்குத்தான் கிரகம் என்று பெயர். சூரியன் தன்னையே சுற்றி வருமா? அது ஒரு நட்சத்திரம். ராத்திரியில் நாம் காணும் நட்சத்திரங்களைப் போன்ற ஒரு நெருப்புக் கோளம்; நமக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே பட்டியலில் முதல் பெயரை அடித்து விடுங்கள்.

சந்திரன் பூமியைச் சுற்றுகிறது. அது கிரகமல்ல, துணைக்கோள். அதையும் அடியுங்கள்.

ராகுவும் கேதுவும் எங்கே? எந்தத் தூரதரிசினியில் பார்த்தாலும் தெரியாது. அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. சந்திரன் போகும் பாதை, சூரியன் போவதாக நமக்குத் தோன்றும் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அந்த இரண்டு புள்ளிகளுக்குத்தான் ராகு, கேது என்று பெயர். நாலு ரஸ்தா கூடும் நாற்சந்திக்கு ஒரு பெயர் வைக்கலாம். அந்தப் பெயர் எழுந்து வந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுமா?

ஒன்பதில் நாலு போயிற்று. மிச்சம் ஐந்துதான் கிரகம். அதே சமயம், நாம் நிற்கிற பூமியும் ஒரு கிரகம். அது பட்டியலில் இல்லை. 1781ல் கண்டுபிடித்த யுரேனஸ் இல்லை. 1846ல் கண்டுபிடித்த நெப்டியூன் இல்லை. 1930ல் கண்ட புளூட்டோவை விஞ்ஞானிகள் 2006ல் குறுங்கோள் என்று தனி வகையில் சேர்த்து விட்டார்கள். ஆக, கிரகங்கள் எட்டு. ஆள் யார் என்றே தெரியாமல் எழுதிய குற்றப்பத்திரிகை இது!

ஒரு வண்டிச் சக்கரமும் ஒரு கொண்டைக்கடலையும்

சூரிய மண்டலம் எவ்வளவு பெரிது? ஊர் மந்தையில் ஒரு மாட்டு வண்டிச் சக்கரத்தை நிறுத்துங்கள். நாலரை அடி உயரம். அந்த அளவு உருண்டைதான் சூரியன் என்று வைத்துக்கொள்வோம்.

அங்கிருந்து 58 மீட்டர் நடந்து ஒரு மிளகை வையுங்கள், அது புதன். 108 மீட்டரில் ஒரு பெரிய கொண்டைக்கடலை, அது வெள்ளி. 150 மீட்டரில் இன்னொரு கொண்டைக்கடலை. அதுதான் நமது பூமி! இத்தனை ஆலைகளும் வயல்களும் கடல்களும் மலைகளும் அந்தக் கடலைக்குள் அடக்கம். அதற்கு ஒன்றேகால் அடி தள்ளி ஒரு கொத்தமல்லி விதை, அது சந்திரன். 228 மீட்டரில் ஒரு பட்டாணி, செவ்வாய். முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் ஒரு தேங்காய், வியாழன். ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று முன்பாக அதைவிடச் சிறிய தேங்காய், சனி. மூன்று கிலோமீட்டருக்கு அருகில் ஒன்றும் நாலரை கிலோமீட்டரில் ஒன்றுமாக இரண்டு எலுமிச்சம்பழங்கள், யுரேனஸும் நெப்டியூனும்.

சரி, இதே கணக்கில் அடுத்த நட்சத்திரம் எங்கே? பக்கத்து ஊரிலா? சென்னையிலா? தில்லியிலா? பூமி முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிற தூரம், 40,000 கிலோமீட்டர் போக வேண்டும்!

உண்மைத் தூரத்தைச் சொன்னால், சூரியன் நமக்கு 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் பாயும் வெளிச்சமே அங்கிருந்து வந்து சேர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் முதுகில் இப்போது சுடுகிற வெயில் எட்டு நிமிஷத்துக்கு முன் புறப்பட்டது.

இந்த எட்டுக் கிரகங்களும் சூரியனின் இழுப்புக்குக் கட்டுப்பட்டுச் சுற்றுகின்றன. கிட்டே இருப்பது வேகமாக ஓடுகிறது. எட்ட இருப்பது மெதுவாக நடக்கிறது. புதனுக்கு ஒரு சுற்று 88 நாள். பூமிக்கு 365¼ நாள். அதுதான் நமக்கு ஒரு வருஷம். செவ்வாய்க்கு 687 நாள். வியாழனுக்கு ஏறக்குறைய 12 வருஷம். குடந்தையில் மகாமகம் 12 வருஷத்துக்கு ஒரு முறை வருவதற்கு இந்தக் கணக்குத்தான் அடிப்படை. சனிக்கு இருபத்தொன்பதரை வருஷம்.

ஏழரைச் சனியின் ரகசியம்

இந்த இருபத்தொன்பதரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தில் கிரகங்கள் போகிற பாதையைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முப்பது வருஷத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை. சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம். உங்கள் ராசியும் அதற்கு முன்பின் ராசிகளும் சேர்ந்தால் மூன்று. மூவிரண்டரை ஏழரை. ஏழரைச் சனி பிறந்த கதை இவ்வளவுதான்!

இப்போது நாம் கேட்கிறோம். பன்னிரண்டில் மூன்று ராசிக்காரருக்கு எப்போதும் ஏழரைச் சனி நடந்துகொண்டே இருக்கும். அதாவது நாலில் ஒருவருக்கு. ஆலைத் தொழிலாளரில் நாலில் ஒருவருக்கு என்றால், ஆலை முதலாளிகளிலும் நாலில் ஒருவருக்கு. மிராசுதார்களிலும் நாலில் ஒருவருக்கு. ஏழரைச் சனி பிடித்ததால் நிலத்தை விட்டுக் கூலிக்கு வந்த மிராசுதாரை எங்காவது பார்த்தீர்களா? ஒரே ஊரில் ஒரே நாழிகையில் பண்ணை வீட்டிலும் சேரியிலும் இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன. ஜாதகம் ஒன்றுதான். பால் ஒன்றா? பள்ளிக்கூடம் ஒன்றா? அந்த வித்தியாசத்தை எழுதியது எந்தக் கிரகம்?

உண்மையான சனி, தன்னைச் சுற்றிப் பனிக்கட்டியும் கல்லும் கலந்த வளையங்களை அணிந்த அழகான கோளம். சிறு தூரதரிசினியிலேயே அந்த வளையம் தெரியும். ஒரு முறை பார்த்தவர்கள் அதைக் கண்டு பயப்பட மாட்டார்கள்.

செவ்வாயும் நமது பெண்களும்

எல்லாவற்றிலும் கொடியது செவ்வாய் தோஷம். ஜாதகத்தின் பன்னிரண்டு வீடுகளில் 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்தில் செவ்வாய் இருந்தால் தோஷமாம். பன்னிரண்டில் ஐந்து என்றால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல்! பிறக்கிற பெண்களில் இத்தனை பேரைக் குற்றவாளி என்று முத்திரை குத்துகிறது ஒரு கட்டம். பிறகு அதே ஜோதிடர் விதிவிலக்கு என்றும் பரிகாரம் என்றும் கையை நீட்டுகிறார். பூட்டும் அவரே விற்கிறார், சாவியும் அவரே விற்கிறார். இதனால் வயது ஏறி, மனம் ஒடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் கண்ணீருக்கு எந்தக் கிரகம் பதில் சொல்லும்?

செவ்வாய் ஏன் சிவப்பாக இருக்கிறது? ரத்தத்தினாலா, கோபத்தினாலா? துருவினால்! அதன் மண்ணில் இரும்பு இருக்கிறது. பழைய இயந்திரத்தில் ஏறுகிற அதே துருதான் அந்தச் சிவப்பு. நம்மிடம் மிக நெருங்கி வரும்போதே அது ஐந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. 2014 செப்டம்பர் 24ந் தேதி நமது நாடு அனுப்பிய மங்கள்யான் அந்தச் செவ்வாயையே சுற்ற ஆரம்பித்தது. அந்த வேலையில் பெண் விஞ்ஞானிகளும் முன்னணியில் நின்றார்கள். நமது பெண்கள் செவ்வாய்க்குக் கலம் அனுப்புகிறார்கள். செவ்வாயைக் காட்டி நமது பெண்ணுக்குக் கல்யாணத்தை நிறுத்துகிறார்கள்! இந்த வெட்கக்கேட்டை எத்தனை நாள் பொறுப்பது?

"பஞ்சாங்கத்தில் கிரகணம் சரியாக வருகிறதே?"

இது நியாயமான கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரே மூட்டையில் நெல்லும் பதரும் கலந்திருக்கின்றன. கிரகம் எந்த நாளில் எங்கே இருக்கும் என்பது கணக்கு. அது நெல். அந்தக் கணக்கை வளர்த்தவர்கள் மகா அறிவாளிகள். கி.பி. 499ல், 23ம் வயதிலேயே ஆர்யபட்டர் எழுதினார்: பூமி தன்னைத் தானே சுற்றுகிறது, சந்திரன் சூரியனை மறைப்பதால் சூரிய கிரகணம், பூமியின் நிழல் விழுவதால் சந்திர கிரகணம். பாம்பு விழுங்கவில்லை என்பதை இந்த மண்ணிலேயே அன்றே சொல்லியாயிற்று! இந்தக் கணக்கின் முதுகில் ஏறிக்கொண்டு வருகிற பலன் இருக்கிறதே, அது பதர். ரயில் அட்டவணை சரியாக இருக்கிறது என்பதற்காக, ரயில் வந்ததால் உங்களுக்குக் காய்ச்சல் வரும் என்று ஸ்டேஷனில் ஒருவன் சொன்னால் நம்புவீர்களா?

பலனைச் சோதித்தும் பார்த்தாகிவிட்டது. 2008ல் விஞ்ஞானி ஜயந்த் நார்லிகரும் நண்பர்களும் மகாராஷ்டிரத்தில் 200 குழந்தைகளின் ஜாதகங்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேர் படிப்பில் சூட்டிகையானவர்கள். பாதிப் பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது எது என்று பிரிக்கச் சொன்னார்கள். சராசரியாக நூற்றுக்கு 46தான் சரியாக வந்தது. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தால் 50 வந்திருக்கும்! இந்தச் சோதனையில் சேர்ந்து உழைத்த டாக்டர் நரேந்திர தபோல்கர், 2013 ஆகஸ்ட் 20ந் தேதி புனே நகர வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையைச் சொல்வோருக்கு ஆபத்து வருவது புதிதல்ல. நட்சத்திரங்கள் எல்லாம் தூரத்துச் சூரியன்களே என்று சொன்ன புருனோவைச் சமய விரோதி என்று 1600ல் ரோமில் உயிரோடு கொளுத்தினார்கள். பூமி சுற்றுகிறது என்று சொன்ன கலிலியோவை 1633ல் விசாரித்து, சாகும்வரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். பூமி நிற்கவில்லை!

இதையெல்லாம் அறிந்த நாட்டில், 2001ல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தை விஞ்ஞானம் என்று சொல்லிப் பட்டப் படிப்பாக்க முன்வந்தது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976 முதல் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறதே, அது யாருக்கு? ஏழைக்கு மட்டுமா?

பயந்தது போதும்

1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகம் ஒரே ராசியில் கூடுகிறது, உலகம் அழியப்போகிறது என்று தேசம் முழுவதும் நடுங்கினார்கள். யாகங்களில் நெய்யைக் கொட்டினார்கள். என்ன ஆயிற்று? மறுநாள் சூரியன் உதித்தது. ஆலைச் சங்கு ஊதிற்று. நாம் வேலைக்குப் போனோம். அழிந்தது நெய் மட்டும்.

2019 டிசம்பர் 26ந் தேதி காலையில் கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சிப் பக்கங்களில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. சூரியன் சந்திரனைவிடச் சுமார் 400 மடங்கு பெரிது; சுமார் 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. ஆகவே இரண்டும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவு. அன்று சந்திரன் சற்று எட்ட இருந்ததால் முழுதும் மூடவில்லை. ஓரம் வளையமாக மிஞ்சிற்று. ஆயுளில் அரிதான அந்தக் காட்சியைப் பாதுகாப்பான கண்ணாடி வழியே பார்த்த குழந்தைகள் பாக்கியசாலிகள். அதே நேரத்தில் எத்தனை வீடுகளில் கர்ப்பிணிகளைச் சோறு தண்ணீர் இல்லாமல் இருட்டறையில் அடைத்து வைத்தார்கள்! கிரகண நிழல் வயிற்றுப் பிள்ளையைத் தொடாது, பட்டினி தொடும். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் உண்மை. அது கிரகணத்துக்கு மட்டுமல்ல, எல்லா நாளுக்கும் பொருந்தும்.

தோழர்களே! ஆகாயம் பண்ணையாரின் பட்டா நிலம் அல்ல. பார்ப்பதற்குக் குத்தகை கிடையாது. இரவு ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது நின்று பாருங்கள். மினுக்கினால் நட்சத்திரம், மினுக்காமல் நிலையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் கிரகம். சில மாதங்களில் விடியலுக்கு முன் கிழக்கே பளீரென்று நிற்பதுதான் வெள்ளி. ஏர் பூட்ட நேரம் சொல்லிய நமது பழைய விடிவெள்ளி. பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுங்கள். பெண் பார்க்கப் போகும்போது ஜாதகத்தைக் கேட்காதீர்கள். பரிகாரத்துக்கு ஒரு காசும் கடன் வாங்காதீர்கள். கிரகணத்தன்று கர்ப்பிணிக்கு வேளைக்குச் சோறு போடுங்கள்.

2031 மே 21ந் தேதி தென்னிந்தியாவில் மறுபடியும் அந்த நெருப்பு வளையம் தெரியும். எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று விஞ்ஞானம் இன்றே கணக்கிட்டு விட்டது. நாளைக் காலை ஆலைக் கதவு திறக்குமா, வயலில் கூலி முழுசாகக் கிடைக்குமா? இதை எந்தக் கிரகமும் சொல்லாது. அதைத் தீர்மானிப்பவர்கள் பூமியில் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே இருக்கிறார்கள். கணக்கை அவர்களிடமே கேட்போம்!