ஏரி இழந்த பேட்டையும் வெம்மை மிகுந்த உலகமும்

தேனாம்பேட்டையில் வாழ்வோரும், அவ்வழியே நாடோறும் கல்லூரிக்கு வந்து மீள்வோரும், வைகாசித் திங்களின் நண்பகலில் அண்ணா சாலையைக் கடக்குங்கால் மேலே கதிரவனும் கீழே தாரும் ஒருங்கே சுடுதலை நன்கு அறிவர். கோடையின் கொடுமை சென்னைக்குப் புதிதன்று என்பர் முதியோர். அஃது உண்மையே. ஆயினும் முற்காலக் கோடைக்கும் இற்றைக் கோடைக்கும் வேற்றுமை உண்டு. அதற்கு உலகப் பொதுவாய காரணம் ஒன்றும், நம் ஊர்க்கே உரிய காரணம் ஒன்றும் உள. அவ்விரண்டையும் ஆராய்ந்து, கற்றோர்க்குரிய கடமை யாதெனக் கூறுதலே எமது கருத்து.

முதற்கண் பொதுக் காரணத்தை நோக்குவோம். நிலக்கரியும் கல்லெண்ணெயும் எரிதலால் எழும் கரியமில வாயு, நிலத்தினின்று மீளும் வெப்பத்தை வான்வெளிக்குச் செல்லவிடாது போர்வைபோல் தடுக்கின்றது. இவ்வாயு மிகின் உலகு வெதும்பும் என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் 1896-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். இயந்திரத் தொழில் பெருகுமுன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது. 2015-ல் பாரிஸ் மாநகரிற் கூடிய நாடுகள், வெப்ப உயர்வை 2 பாகைக்கு நன்கு கீழே நிறுத்துவதென்றும், 1.5 பாகைக்குள் அடக்க முயல்வதென்றும் உடன்பட்டன. 2024-ஆம் ஆண்டின் சராசரி அவ் 1.5 பாகையையும் தாண்டிற்று. ஓராண்டின் மிகுதியால் உடன்படிக்கை முறிந்ததாகாது. எனினும் அஃது ஓர் எச்சரிக்கை என்பதில் ஐயமில்லை.

இனி நம் ஊர்க்குரிய காரணம். நூறாண்டுகட்கு முன்னர் நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கு நோக்கி ஒரு நீண்ட ஏரி பரந்து கிடந்தது. ஆங்கிலர் அதனை 'லாங் டாங்க்' என்று அழைத்தனர். தேனாம்பேட்டை அதற்குக் கிழக்கே அமைந்திருந்தது. 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்திற்குப் பின்னர் அவ்வேரியின் நீர் வடிக்கப்பெற்றது, ஏரி தூர்க்கப்பெற்றது, தியாகராய நகர் எழுந்தது. எஞ்சிய நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னர் மறைந்தது; 1976-ல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் அவ்விடத்தேதான் நிற்கின்றது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்னும் தெரு இன்றும் உண்டு. அங்கு நின்று காண்போர் எவ்வேரியைக் காண்பர்?

ஏரியைத் தூர்த்தோர் கொடியவர் அல்லர். கல்வியும் நல்லெண்ணமும் உடையவர். பெருகிவரும் மக்கட்கு வீடு வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் ஏரி வாளா கிடந்த நிலமன்று. மழைநீரை ஏந்துவதும், கிணறுகட்கு ஊற்றளிப்பதும், சுற்றிலும் காற்றைக் குளிர்விப்பதும் அதன் தொழில்கள். அத்தொழிலைச் செய்வார் இல்லாத ஊரின்மேல் உலகத்தின் மிகுவெப்பமும் வந்து கூடுமாயின் என்னாகும்? 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 பாகையை எட்டியது. 2015 டிசம்பர் முதல் நாளையொட்டி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தது. நான்கே ஆண்டுகளில், 2019-ல், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலேறிக் குடிநீர் வரலாயிற்று. வெள்ளத்தில் மூழ்கிய நகரே தாகத்தால் வாடியது. வெம்மையுற்ற காற்று மிகுந்த நீரை ஏந்தி ஒருங்கே கொட்டும். கொட்டிய நீரைத் தேக்க ஏரி இல்லையெனின் அது கடலையே சேரும்.

இத்துன்பத்தை யார் தாங்குகின்றனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். நிழலற்ற நடைபாதையில் கடை விரிப்போரும், சாரத்தின்மேல் நின்று கட்டடம் எழுப்புவோரும் குளிரூட்டிய அறையை அறியார். 2015-க்குப் பின் அடையாற்றங்கரைக் குடிசைவாசிகளுட் பலர் நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்திற்குக் குடிபெயர்க்கப்பெற்றனர். தொழிலும் பள்ளியும் பின்னே நின்றுவிட்டன. கரியமில வாயுவை மிகக் குறைவாக எழுப்பியவரே மிகத் தொலைவு சென்றனர். இது நீதியாகுமா?

'இவ்வினை மேலைநாட்டார் செய்தது. அவர்களே தீர்க்கட்டும்' என்பார் உளர். இந்தியர் ஒருவர் எழுப்பும் வாயு உலகச் சராசரியிற் பாதிக்கும் குறைவு என்பது மெய். பழைய கடன் அவர்களுடையதே என்பதையும் மறுக்கமாட்டோம். ஆயினும் நம் ஏரியைத் தூர்த்தவர் மேலைநாடுகளிலிருந்து இப்பொழுது வந்து மீண்டும் தோண்டித் தாரார். வழக்கு முடியும்வரை வெயில் காத்திராது.

முயற்சிகள் இல்லாமலில்லை. மழைநீர்ச் சேகரிப்பு 2003-ல் ஒவ்வொரு கட்டடத்திற்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2050-க்குள் நிகர வாயு வெளியீட்டை இல்லாமற் செய்வதென்னும் திட்டத்தைச் சென்னை மாநகராட்சி 2023-ல் வெளியிட்டது. தேனாம்பேட்டையில் நிலத்தடி மெட்ரோ 2018 முதல் ஓடுகின்றது. ஆனால் அதே சாலையின்மேல் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைவரை மோட்டார் வண்டிகட்கென மேம்பாலம் எழுப்ப 2024-ல் அடிக்கல் நாட்டப்பெற்றது. கீழே ஒரு கொள்கை, மேலே ஒரு கொள்கை என இருத்தல் தகுமா என்று கேட்பது குற்றமாகாது.

அரசினரைக் கேட்கும் உரிமை, தம் கணக்கைக் காட்டுவோர்க்கே சிறக்கும். ஆதலின் எம் வேண்டுகோள் ஒன்றே: நம் கல்லூரி ஓராண்டிற் செலவிட்ட மின்சாரம் எவ்வளவு, இறைத்த நீர் எவ்வளவு, கூரையினின்று நிலத்திற்கு மீட்ட மழைநீர் எவ்வளவு, வெட்டிய மரமும் நட்டுப் பிழைத்த மரமும் எத்தனை என்னும் கணக்கு ஆண்டுதோறும் இம்மலரிலேயே வெளிவருதல் வேண்டும். விளையாட்டு வெற்றிகளை அச்சிடும் நாம் இதனையும் அச்சிடலாம். அளக்கப்படாத செலவு குறைவதில்லை. கணக்கெடுக்கும் பணியை மாணவரே மேற்கொள்ளின், வகுப்பிற் கல்லாத கல்வியும் கைகூடும்.

மாணவ நண்பர்காள்! நாளை பொறியாளராகவும் அதிகாரிகளாகவும் அமர்ந்து திட்டத்தாளிற் கையெழுத்திடப் போகின்றவர் நீவிரே. அன்று ஏரியைத் தூர்த்த கையும் கற்ற கையே. அக்கைக்கு இல்லாதிருந்த முன்னறிவு நுமக்கு உண்டு. அறிந்திலேம் என்று கூற நுமக்கு இனி இடமில்லை.