இரத்தம் உறையாதவருக்கும் மாரடைப்பு வரும்



"அவருக்கு இரத்தம் உறையாத வருத்தம்தானே, எப்படி ஹார்ட் அட்டாக் வரும்?" நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்கச் சரிபோலவும் இருக்கிறது.

ஆனால் இரத்தக்கட்டி கடைசியில் வருவது. அதற்குப் பல வருடங்கள் முன்பே இதயக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படியத் தொடங்கிவிடும். சிகரட், பிரசர், சீனி, கொலஸ்ட்ரோல் செய்கிற அந்த வேலையை ஹீமோபீலியா தடுப்பதில்லை. குழாய் சுருங்கிய பிறகு சின்னக் கட்டி போதும். காரணி ஊசி ஏற்றுகிறவருக்கு உறையும் திறனும் கூடுகிறது. முன்பு இந்த நோயாளர் பலர் இளவயதிலேயே மௌத்தானார்கள், மாரடைப்பு வரும் வயதைக் காணவில்லை. இப்போது 50, 60ஐத் தாண்டுகிறார்கள். மூட்டுக்குள் இரத்தம் கசிந்து கசிந்து நடை குறைகிறது, உடம்பு வைக்கிறது, பிரசர் ஏறுகிறது.

நம் பல வீடுகளில் இந்த நோய் தெரியவந்ததே சுன்னத் காயம் நிற்காமல் வடிந்தபோதுதான். அன்றிலிருந்தே மறைக்கவும் தொடங்குகிறோம். தாய்வழியாக வருவது என்று வெளியே தெரிந்தால் சகோதரிமாருக்கு மாப்பிள்ளை அமையாது என்ற பயம். எக்ஸ் நிறமூர்த்தம் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம், பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள், வீட்டில் வாய் திறப்பதில்லை!

பயம் புரிகிறது. ஆனால் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் தருவது அஸ்பிரின். ஸ்டென்ட் வைக்கும் வசதி இல்லாத இடமென்றால் அடுத்தது கட்டியைக் கரைக்கும் ஊசி. மற்றவர் உயிரைக் காக்கும் அந்த ஊசி இவருக்கு மூளையில் இரத்தக் கசிவைக் கொண்டுவரலாம். விசயம் தெரிந்தால் வைத்தியர் குருதியியல் நிபுணரோடு பேசி, காரணி ஏற்றி, மருந்தையும் ஸ்டென்ட்டையும் முடிவு செய்வார். இவர்களுக்கும் இதய சிகிச்சை உண்டு. நாம் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு வைத்தியரைத் திட்டி என்ன பயன்?

கிளினிக்குக்குப் போகும்போதே பிரசர், சீனி, கொலஸ்ட்ரோலையும் பார்க்கச் சொல்லுங்கள். சிகரட் வேண்டவே வேண்டாம். நெஞ்சு வலித்தால் வீட்டில் அஸ்பிரின் கொடுக்காமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸில் வருபவரிடமும் ஆஸ்பத்திரியிலும் முதல் வசனமே நோயின் பெயராக இருக்கட்டும். கிளினிக் அட்டையின் பிரதி ஒன்று அவருடைய பர்ஸிலும் இன்னொன்று மனைவியிடமும் இருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரால் எதையும் சொல்ல முடியாது.