"டீச்சர், நீங்களே புள்ளைக்கு கேம் குடுக்கலாமா?"

 

போன கிழமை பாடசாலை விட்டு வரும்போது கேற்றடியில் ஒரு தாய் என்னை மறித்துக் கேட்டார். "டீச்சர், உங்கட வீட்ல மகளுக்கு கேம் விளையாட விடுறீங்களாமே? நீங்களே அப்படிச் செய்யலாமா? அதுவும் பொம்புளப் புள்ள!"

கேள்வியில் கோபம் இல்லை, அக்கறைதான். விடிய விடிய போனில் ஃப்ரீ ஃபயர் விளையாடிவிட்டு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகளை நானும்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த வெயிலில் நின்று விளக்கம் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாரில் இருக்கும் என் நானா லீவில் வந்தபோது, தான் பாவித்த பிளேஸ்டேஷன் 4 ஒன்றையும் ஒரு டிஸ்க்கையும் கொண்டுவந்து மருமகளுக்குக் கொடுத்தார். 'கிராஷ் பேண்டிகூட் என். சேன் ட்ரைலஜி' என்று அதற்குப் பெயர். 1996, 1997, 1998 என வருடத்துக்கு ஒன்றாக, நோட்டி டோக் என்ற அமெரிக்க நிறுவனம் முதலாவது பிளேஸ்டேஷனுக்குச் செய்த மூன்று கேம்கள். அவற்றை விகேரியஸ் விஷன்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் புதிதாகச் செய்ய, அக்டிவிஷன் 2017 ஜூனில் ஒரே டிஸ்க்கில் வெளியிட்டது.

பேண்டிகூட் என்பது நமக்குத் தூரத்துப் பெயர் இல்லை. தெலுங்கில் 'பந்திகொக்கு' என்றால் பன்றி எலி. நம் வயல் வரம்பைக் கிண்டும் பெருச்சாளிதான். வெள்ளைக்காரர் அந்தப் பெயரையே அவுஸ்திரேலியாவில் உள்ள வேறொரு சிறு விலங்குக்கும் வைத்துவிட்டார்கள். கேமின் நாயகன் கிராஷ் அந்த இனம். ஓட வேண்டும், குதிக்க வேண்டும், சுழன்று அடித்துப் பெட்டிகளை உடைக்க வேண்டும். நூறு பழம் சேர்த்தால் ஒரு உயிர் கூடும். துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஆளை ஆள் தேடிச் சுடும் கேம் இல்லை. அமெரிக்கத் தரப்படுத்தலில் பத்து வயதும் அதற்கு மேலும் என்று போட்டிருக்கிறார்கள்.

இந்த டிஸ்க்கைப் பார்த்ததும் எனக்குப் புத்தளம் ஞாபகம் வந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் கைக்குழந்தை. வளர்ந்தது எல்லாம் புத்தளத்தில். எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும்போது, மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கி பிளேஸ்டேஷன் விளையாட விடும் கடைகள் வந்தன. நானா போவார். நான் போக முடியாது. பொம்புளப் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. பிறகு ஒரு பள்ளி விடுமுறைக்கு நானா தன் கூட்டாளியிடம் இரவல் வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்தார். அப்போதும் ரிமோட் அவர் கையில்தான். எனக்குக் கிடைத்தது எழுத்து வேலை.

அந்த வேலை என்னவென்றால், முதலாவது கிராஷ் கேமில் நினைத்த இடத்தில் விளையாட்டைச் சேமிக்க முடியாது. இடையில் வரும் சில விசேட கட்டங்களை முடித்தால், அல்லது ஒரு மாணிக்கக் கல்லை எடுத்தால்தான் சேமிக்க விடும். மெமரி கார்ட் இல்லாதவர்களுக்கு ஒரு கடவுச்சொல் காட்டும். அது எழுத்தில் இருக்காது. ரிமோட்டில் உள்ள முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் குறி, இவைதான் மாறி மாறி வரும். ஒரு குறி பிழைத்தாலும் எல்லாம் முதலில் இருந்து. என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் அந்தக் குறிகளை வரிசை பிசகாமல் எழுதி வைத்தது நான். எந்தப் பாலத்தில் எந்தப் பலகை உடையும் என்பதும் எனக்கு மனப்பாடம். ஒரு நாளும் நான் குதித்ததில்லை.

இருபது வருடத்துக்கு மேல் கழித்து இப்போதுதான் நான் முதல்முறை குதித்தேன். அதனால் என் கருத்தைக் குதிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

குதிப்பைக் கெடுத்துவிட்டார்கள். மூன்று கேம்களும் ஒரே மாதிரி அசைய வேண்டும் என்று மூன்றாவது கேமின் அசைவை அடிப்படையாக எடுத்தார்கள். அதனால் முதல் இரண்டிலும் கிராஷ் குதித்துவிட்டுக் கீழே வரும் வேகம் பழையதைவிடக் கூடிவிட்டது. விளிம்பில் கால் பட்டால் வழுக்கியும் விடும். வெளிவந்த கொஞ்ச நாளிலேயே பழைய ஆட்டக்காரர்கள் இதைப் பிடித்துவிட்டார்கள், செய்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள். முதலாவது கேமில் பலகை உடைந்த தொங்குபாலக் கட்டங்கள் இரண்டு இருக்கின்றன. மழை நாளில் வட்டுவாகல் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். பாலத்தைப் பழைய அளவிலேயே வைத்துவிட்டு, குதிப்பை மட்டும் மாற்றினால் எப்படி? பாடத்திட்டத்தை மாற்றாமல் பாடவேளையைக் குறைத்த மாதிரி. படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் இது பிழைதான்.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஆசிரியையாக எனக்கு அவைதான் முக்கியம்.

முதலாவது, சேமிப்பு. இப்போது ஒரு கட்டம் முடிந்தால் தானாகவே சேமித்துக்கொள்ளும். கொப்பியும் பென்சிலும் தேவையில்லை. பழைய கேமில் ஒரு கட்டத்தின் எல்லாப் பெட்டிகளையும் உடைத்தாலும், இடையில் ஒருமுறை செத்தால் மாணிக்கம் கிடைக்காது. இப்போது நிறக் கற்களுக்கு மட்டும்தான் அந்தக் கடும் விதி. மற்றவற்றுக்கு விழுந்து எழும்பி வந்தாலும் தருகிறார்கள். பாலம் இலேசாகவில்லை. விழுந்ததற்கான தண்டனைதான் குறைந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு என்பதை நாங்கள் வகுப்பில் மறந்துவிடுகிறோம். பின்னம் விளங்காத பிள்ளைக்குப் பின்னத்தையே விட்டுவிடுகிறோம், அல்லது விளங்கவில்லை என்று எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்க வைக்கிறோம். கேள்வி கடினமாகவே இருக்கட்டும். பிழைவிட்ட பிள்ளை திரும்பவும் முயற்சி செய்ய அதே இடத்தில் ஒரு வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை 1996இல் அந்தக் கேமைச் செய்தவர்களும் யோசித்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் பல தடவை விழுகிறவருக்கு, அடுத்த முறை ஒரு பாதுகாப்பு முகமூடியைக் கேம் தானாகவே கொடுத்து அனுப்பும். அல்லது பாதி வழியில் ஒரு தொடர் புள்ளியை வைத்துவிடும். நன்றாக விளையாடுகிறவருக்கு இது நடப்பதே தெரியாது. கல்வியியற் கல்லூரியில் பரிகாரக் கற்பித்தல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். பின்தங்கிய பிள்ளைக்கு, அந்தப் பிள்ளையின் முகம் சுருங்காமல் உதவுவது எப்படி என்பதை இந்தப் பெருச்சாளியிடம்தான் கண்ணால் கண்டேன். (அந்த முகமூடி ஒரு மந்திரவாதியின் ஆவி என்று கதையில் வரும். அது வெறும் கதை, எங்கள் நம்பிக்கை வேறு என்று மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தால்தான் இதையெல்லாம் சொல்லலாம்.)

இரண்டாவது, கோகோ. கிராஷின் தங்கை, கணினியில் கெட்டிக்காரி. 1997இல் வந்த இரண்டாவது கேமில்தான் முதலில் வந்தாள். அதில் அவளைக் கொண்டு விளையாட முடியாது. மூன்றாவதில் சில கட்டங்கள் மட்டும் கொடுத்தார்கள். புதிய தொகுப்பில் மூன்று கேம்களிலும் பெரும்பாலான கட்டங்களை அவளை வைத்தே விளையாடலாம். முதலாவது கேமில் அவள் இல்லவே இல்லையே என்று கேட்டால், காலத்தில் பின்னோக்கிப் போகும் இயந்திரத்தில் வந்தாள் என்று ஒரு சாட்டு வைத்திருக்கிறார்கள்!

முதல் நாளே மகள் கேட்டாள், "உம்மா, நான் கோகோவ எடுக்கவா?" எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. நான் கொப்பியோடு பின்னால் உட்கார்ந்திருந்த அதே பாலத்தில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நாலு தரம் விழுந்தாள். ஐந்தாம் தரம் அரைவாசி தாண்டினாள்.

பழையதைப் புதுப்பிப்பது என்றால் இதுதான் என்று நினைக்கிறேன். அனுபவித்தவர்கள் திரும்ப ரசிக்க மட்டும் என்றால், நானாவின் பழைய சீடியே போதும். அன்றைக்கு வெளியில் நின்றவர்களுக்கு ஒரு கதவு திறந்தால்தான் அந்த உழைப்புக்கு அர்த்தம். என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர் யுத்த காலம் முழுக்க வன்னிக்குள் இருந்தவர். நாங்கள் புத்தளத்தில் கடவுச்சொல் எழுதிய காலத்துக்கு முன்பிருந்தே அவர்களுக்குக் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். அவர் மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்து இதை விளையாடிப் பார்த்தார். அவருக்கு இதில் பழைய ஞாபகம் எதுவும் இல்லை, எல்லாமே புதுசு. முடித்துவிட்டு, "நாங்களும் சின்னப் பிள்ளையளா இருந்தனாங்கள்தானே" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

எல்லாக் கேமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. இந்த டிஸ்க்கை ஒருமுறை வாங்கினால் உள்ளே மேலதிகமாகக் காசு கேட்காது. ஆனால் இதே அக்டிவிஷன் 2019இல் வெளியிட்ட கிராஷ் கார்ப் பந்தயக் கேமில், விற்று இரண்டு மாதம் போவதற்குள் காசுக்கு நாணயம் வாங்கும் கடையைத் திறந்தார்கள். ஆகவே பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் டீவி ஹோலில்தான் இருக்கிறது. சனி ஞாயிறு மட்டும், அஸருக்குப் பிறகு, மஃரிப் பாங்கு சொல்லும் முன் நிறுத்த வேண்டும். பக்கத்தில் நானோ அவளுடைய வாப்பாவோ இருப்போம். அறையைப் பூட்டிக்கொண்டு தனியாகப் போன் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கேற்றடியில் கேட்ட சகோதரிக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை விழுவதைப் பார்த்து நாங்கள் பதறுகிறோம். ஆண் பிள்ளை விழுந்தால் எழும்பு என்கிறோம். பெண் பிள்ளை விழுந்தால் இனி ஏறாதே என்கிறோம். புலமைப்பரிசிலில் புள்ளி குறைந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர் அதோடு கையை உயர்த்துவதையே விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். விழலாம், பரவாயில்லை, திரும்ப ஏறு என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இந்த விளையாட்டும் ஒரு வழி.

வாற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிள்ளைகள் மாறி மாறி விளையாடட்டும். நாங்கள் பிளேன்டீ குடிப்போம். அந்தப் பாலத்தின் மிச்ச அரைவாசி இன்னும் தாண்டப்படவில்லை.