வாய் திறவாத யந்திரம்

கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்று சலித்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருடைய யந்திரத்தில் பழுதே இல்லை என்பது என் அபிப்பிராயம். அது பதில் சொல்ல மறுக்கிறது, அவ்வளவுதான். பழுதை மன்னிக்கலாம். காரணம் தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பதை எப்படி மன்னிப்பது?

டி.வி.டி. தட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். தட்டு சுழலும் ஓசைகூடக் கேட்கிறது. பிறகு கறுப்புத் திரையில் ஒற்றை வரி: 'நோ பூட்டபிள் டிவைஸ்.' சில யந்திரங்களுக்கு அந்த மரியாதையும் கிடையாது. தட்டு என்று ஒன்று இருப்பதையே கவனியாததுபோலப் பழைய விண்டோஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உள்ளே நடப்பது பரம ரகசியமும் அல்ல. தட்டிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பும் முறையை 1995-ல் ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனத்தார் சேர்ந்து எழுதிவைத்தார்கள். 'எல் டொரிடோ' என்று அதற்குப் பெயர். அந்த விதிப்படி, தட்டில் 17 என்று எண்ணிட்ட பகுதியில் ஓர் அடையாளக் குறிப்பு இருக்க வேண்டும். அது ஒரு சிறு அட்டவணைக்கு வழி காட்டும். கிளப்பும் நிரல் எங்கே இருக்கிறது என்பதை அட்டவணை சொல்லும். குறிப்பு இல்லையா, அட்டவணை சிதைந்திருக்கிறதா, நிரல் பழைய பயாஸுக்கு மட்டும் எழுதப்பட்டதா, அதன் கையெழுத்து செல்லாததா, இல்லை, தட்டை முதலில் பார்க்கும்படி யாருமே சொல்லி வைக்கவில்லையா? எந்தப் படியில் தடுக்கியது என்பது யந்திரத்துக்குத் தெரியாமல் இராது. சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இது வெறும் மனத்தாங்கல் அல்ல, பணம் சம்பந்தப்பட்ட விஷயம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றது. பதினோராவது விண்டோஸோ டி.பி.எம். 2.0 இருந்தால்தான் உள்ளே வருவேன் என்கிறது. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த யந்திரத்தைக் குப்பையில் போட மனமில்லாமல், லினக்ஸ் போடலாம் என்று தட்டு எழுதினார். கிளம்பவில்லை. கடையில் காட்டினார். "டிரைவ் போய்விட்டது சார். இந்த மாடலுக்கு இனிமேல் கிடைக்காது. புதுசாக வாங்கிவிடுங்கள்" என்றார்கள். அதே டிரைவில் பழைய சினிமாத் தட்டு ஒன்று பாட்டும் சண்டையுமாக அமோகமாக ஓடிற்று!

தட்டைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரே ஒரு ஐ.எஸ்.ஓ. கோப்பு இருந்தது. அந்தக் கோப்பு ஒரு முழுத் தட்டின் அச்சு. அதை 'இமேஜ்' என்ற முறையில் விரித்து எழுத வேண்டும்; அவர் மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டார். 17-ஆம் பகுதியில் குறிப்பு எங்கிருந்து வரும்? மறுபடி எழுதினோம். அப்போதும் விண்டோஸ்தான் வந்தது, ஏனென்றால் பூட் ஆர்டரில் ஹார்ட் டிஸ்க் முதலில் இருந்தது. யந்திரம் விழித்த கணத்தில் உரிய விசையைத் தட்டி, பட்டியலில் டி.வி.டி.யைத் தேர்ந்தெடுத்தவுடன் சமர்த்தாகக் கிளம்பிவிட்டது. செலவு ஒரு வெற்றுத் தட்டு. கடைக்காரர் சொன்னபடி கேட்டிருந்தால் ஒரு மாதப் பென்ஷனுக்கு மேல் போயிருக்கும்.

அந்த 'உரிய விசை' எது என்பது தனிக் கூத்து. டெல் கம்ப்யூட்டரில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9; லெனோவோவின் சில மடிக்கணினிகளில் பக்கவாட்டில் ஊசி நுழையும் துளை ஒன்று! போதாக்குறைக்கு விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' என்பது முழுத் தூக்கமல்ல, அரைத் தூக்கம். அதனால் சில யந்திரங்களில் 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் விசைக்குச் செவி சாய்க்கும்.

எல்லாம் பாதுகாப்புக்காக என்பார்கள். வாஸ்தவம். 2012-ல் விண்டோஸ் 8 உடன் பரவிய செக்யூர் பூட், கையெழுத்தில்லாத நிரலைத் தடுக்கிறது. கிளம்பும்போதே புகுந்துகொள்ளும் விஷமிகளுக்கு அது தேவையான பூட்டுத்தான். ஆனால் அன்று சாதாரணக் கம்ப்யூட்டர்களில் சொந்தக்காரர் அதை அணைக்க வழி வைத்தே தீரவேண்டும் என்று மைக்ரோஸாஃப்ட் விதித்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அந்தக் கட்டாயம் போய், வழி வைப்பதும் வைக்காததும் தயாரிப்பாளர் இஷ்டம் என்றாயிற்று. என் வீட்டுப் பூட்டின் சாவி எனக்கு உண்டா இல்லையா என்பதை, பூட்டு விற்றவர் தீர்மானிப்பதா?

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள்: சாமான்ய ஜனங்களுக்கு இதெல்லாம் விளங்காதாம். ரயில் டிக்கெட்டில் ஆர்.ஏ.சி. என்றால் என்ன, டபிள்யூ.எல். 14 என்றால் இன்று ராத்திரி படுக்கை கிடைக்குமா என்றெல்லாம் எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்ட ஜனங்கள் இவர்கள். 'தட்டில் கிளப்பும் குறிப்பு இல்லை' என்ற ஒரு வரியா புரியாது?

புது யந்திரத்தின் பெட்டியில் நினைவகம் எத்தனை, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள். பூட் பட்டியலைத் திறக்கும் விசை எது, செக்யூர் பூட்டை அணைக்க இடம் உண்டா என்று அச்சடித்த பெட்டியை நான் கண்டதில்லை. அடுத்த முறை வாங்கப் போகிறவர்கள் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் கேளுங்கள். கடைக்காரர் திருதிருவென்று விழிப்பார். விழிக்கட்டும்.